என்ன க்ரீம் போட்டீங்க?

சென்ற ஞாயிற்றுக்கிழமை டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஒரு தமிழ்ப் பெண்மணி என்னை மடக்கினார். பொங்கலுக்கும் சித்திரை ஒன்றுக்கும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடும்போது பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அவ்வளவுதான் பழக்கம்.

"உங்க பொண்ணை போன வாரம் பஸ்ல பார்த்தேன். மூஞ்சி நல்லா தெளிஞ்சிருச்சே. என்ன க்ரீம் போட்டீங்க?"

"போட்டுக்கிட்டிருந்த க்ரீமை நிறுத்தினோம்ங்க. அப்புறம் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி அவுட்டோர்ல காட்டினோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியா... நீங்களா?"

"ஆமாங்க. வரிசையில நின்னுதான்."

"எங்க பையனுக்கும் கன்னமெல்லாம் பொரிப் பொரியா வந்திருக்கு, அதனாலதான் கேட்டேன். சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க." சொல்லிவிட்டு ஆட்டோ வரிசைக்கு நடந்துவிட்டார்.

ஆக, நான் மருந்தை மறைக்கிற அம்மா. இந்நேரம் நாலு வீட்டுக்காவது செய்தி போயிருக்கும். போகட்டும். மெட்ரோ வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியாத கதையை உங்களிடமாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கோபம் வரும் இடங்கள் நிறைய உண்டு. அதில் பாதி என் மேலேயே வரும் கோபம்.

என் மகள் அபிராமி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். என் கணவரின் பொதுத்துறை உத்தியோகம் எங்களைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெயர்த்துக் கொல்கத்தாவில் நட்டபோது அவளுக்கு ஆறு வயது. இங்கே அபி என்றால் யாருக்கும் வாயில் நுழையாது. 'ஒபி' ஆகிவிட்டாள். வங்காளம் அருவி மாதிரி கொட்டும். தமிழ், சமையலறைக்குள் மட்டும்.

இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். போட்டோ போடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

போன ஏப்ரலில் ஆரம்பித்தது. நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்தில் ரவையைத் தூவியது போல பொடிப் பொடியாக. இந்த ஊர் ஏப்ரலில் குளித்துவிட்டு வெளியே வந்தால், துடைக்கும்போதே மறுபடி வேர்க்கும். வேர்க்குரு என்று நினைத்தேன். மே மாதத்தில் கன்னத்துக்கு இறங்கியது. அரிப்பு. சொறிந்த இடமெல்லாம் சிவப்பு.

பதினாலு வயதுப் பெண்ணின் முகத்தில் நாலு பரு வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஊரே டாக்டராகிவிடும்.

எல்லோருக்கும் சித்தி முறையான கீழ் வீட்டு காக்கிமா, வெறும் வயிற்றில் பச்சை மஞ்சளை வெல்லத்தோடு மெல்லச் சொன்னார். பார்லர் பெண், ஃபேஷியல் செய்தால் "உள்ளேயிருந்து" போய்விடும் என்றாள். மீன்காரர்கூட விடவில்லை. மீனைச் செதிலெடுத்துக்கொண்டே, வயிறு சுத்தமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அபியின் ட்ராயிங் மிஸ், பாலை நிறுத்தச் சொன்னார். அதே வாரம் ஸ்கூல் பஸ் ஆயா, பால் போதவில்லை என்றார்.

ஊரிலிருந்து என் நாத்தனார் வீடியோ கால்.

"மதினி, பிள்ளை மூஞ்சி என்ன இப்பிடிக் கெடக்கு? கஸ்தூரி மஞ்சளையும் பயத்தமாவையும் கொழச்சுப் போடுங்கன்னு நான் சொன்னதக் கேட்டியளா இல்லியா?"

"போட்டேன், அதுலதான் இன்னும் செவந்துட்டு."

"அப்ப நீங்க கடை மாவு வாங்கியிருப்பிய. வீட்ல திரிச்சதாக்கும் கேக்கும்."

எந்த வைத்தியம் பலிக்காவிட்டாலும் தப்பு வைத்தியத்தின் மேல் வராது, கவனித்திருக்கிறீர்களா? செய்தவள் மேல்தான் வரும்.

அபி இதையெல்லாம் ஜூன் வரை பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் போன் அடித்தபோது, "அத்தைன்னா நான் ரூம்ல இல்ல" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரி, முறையாக ஸ்பெஷலிஸ்டிடமே காட்டிவிடுவோம் என்று கரியாஹாட்டில் ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போனோம். கண்ணாடிக் கட்டடம். காபி மெஷின். டாக்டரைப் பார்க்கும் முன் 'கவுன்சிலர்' என்று ஒரு பெண் வந்தாள். அவள் முகத்தில் ஒரு மயிர்த்துளைகூடத் தெரியவில்லை. அபியின் தலையை ஒரு பெட்டிக்குள் நுழைக்கச் சொல்லி நீல வெளிச்சத்தில் போட்டோ எடுத்தாள். கம்ப்யூட்டர் திரையில் என் மகளின் முகம் சந்திர மண்டலம் மாதிரி வந்து நின்றது. பள்ளம், மேடு, புள்ளி.

"பார்த்தீர்களா, கண்ணுக்குத் தெரியாமலே எவ்வளவு டேமேஜ்" என்றாள்.

கண்ணுக்குத் தெரியாததை ஏன் அம்மா அந்தக் குழந்தைக்குக் காட்டுகிறாய்?

டாக்டர் நாலு நிமிஷம் பார்த்தார். பிறகு மறுபடி கவுன்சிலர். ஆறு சிட்டிங், ஒரு பேக்கேஜ். அந்தத் தொகையில் நாங்கள் மூவரும் ஏசி கோச்சில் திருநெல்வேலிக்குப் போய்த் திரும்பி வரலாம். வழியில் சென்னையில் ஒரு நாள் தங்கவும் செய்யலாம். "இ.எம்.ஐ. வசதி உண்டு" என்றாள். தோலுக்கு மாதத் தவணை.

என் கணவர், அவருடைய ஆபீஸ் மெடிக்கல் திட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ஒரு வாரம் ஃபைல் நகர்ந்தது. சாயங்காலம் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"காஸ்மெட்டிக்குன்னு எழுதி அனுப்பிட்டாங்க. அழகுக்குச் செய்யிறதுக்கெல்லாம் ரூல் கெடையாதுங்காங்க."

"அழகுக்கா? பிள்ளை ராவும் பகலும் சொறிஞ்சுக்கிட்டுக் கெடக்கா."

"எனக்குத் தெரியாதா? ரூலுக்குத் தெரியலியே."

இடுப்பு வலித்தால் வியாதி. முகம் எரிந்தால் அலங்காரம். இந்த விதியை எழுதியவருக்குப் பதினாலு வயதே வந்திருக்காதோ?

எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவ வரும் கல்பனா, அப்போதே ஒரு வார்த்தை சொன்னாள். தினமும் கேனிங் லோக்கல் ரயிலில் வந்து இறங்குகிறவள். என்னைவிட இரண்டு வயது இளையவள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, "பௌதி, அங்கே அவுட்டோரில் காட்டுங்கள். என் கைச் சொறியை அவர்கள்தான் போக்கினார்கள்" என்றாள். பௌதி என்றால் அண்ணி. ஓ.பி.யை இங்கே அவுட்டோர் என்பார்கள். எனக்கோ அவுட்டோர் என்றதும் வராந்தா, ஸ்ட்ரெச்சர், தள்ளுமுள்ளு எல்லாம் கண்முன் வந்தது. "பார்க்கலாம்" என்றேன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். போய்க் கீரையை நறுக்கினாள்.

நான் என்ன செய்தேன்? காளிகாட் பக்கம் நாங்கள் வழக்கமாக மாத்திரை வாங்கும் மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரரைத் தெருவே பாதி வேடிக்கையாக, பாதி நிஜமாக 'டாக்தார்பாபு' என்றுதான் கூப்பிடும். அபியைக்கூட அழைத்துப் போகவில்லை. போனில் போட்டோ காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு விநாடி பார்த்தார். மூன்றாவது விநாடி ட்யூப் மேஜை மேல் இருந்தது.

"ராத்திரி கொஞ்சமாகத் தடவச் சொல்லுங்கள். மூன்று நாள், அவ்வளவுதான்."

சீட்டு இல்லை, கேள்வி இல்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட் விலை. கிளினிக்காரர்கள் எவ்வளவு பெரிய கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. இருக்காதா பின்னே?

மூன்று நாள்தான். நாலாம் நாள் காலையில் அபி கண்ணாடி முன்னால் நின்று, "மா, இங்க வா. தொட்டுப் பாரு" என்றாள். வழவழவென்று இருந்தது. சிவப்பு இல்லை, பொரி இல்லை. நிறம்கூடக் கொஞ்சம் கூடியது போல. அன்றைக்கு அவளாகவே அத்தைக்கு வீடியோ கால் போட்டாள்.

"பாத்தியளா மதினி, நான் சொன்ன பயத்தமாவு" என்றாள் நாத்தனார். நான் மறுக்கவில்லை. ஜெயித்தவர்கள் தாராளமாக இருக்கலாம் இல்லையா?

மூன்று நாள் என்று சொன்னதை முப்பது நாளாக்கினோம். ஏனென்றால், நிறுத்தினால் இரண்டாம் நாளே பொரி எட்டிப் பார்த்தது. மறுபடி தடவினால் அடங்கியது. ட்யூப் தீர்ந்தால் அடுத்தது. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. பிறகு தடவினாலும் அடங்கவில்லை. கன்னம் முழுக்கச் செம்பருத்திச் சிவப்பு. வெயில் பட்டால் நெருப்பு. சீழ் வைத்த சின்னச் சின்னக் கட்டிகள். மேலுதட்டில் பூனை முடி அடர்ந்தது. அதைப் பார்த்து வகுப்பில் எவனோ ஒரு பையன் ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்று இன்றுவரை அவள் எனக்குச் சொல்லவில்லை.

"மா, ஜாலா பண்ணுது" என்பாள். எரிகிறது என்பதற்கு வங்காளத்தில் ஜாலா. எரிச்சல் என்ற தமிழ்ச் சொல் அவளுக்கு வராது. சொல் தெரியாதே தவிர, அந்தப் பொருளை அவள் தினமும் முகத்தில் சுமந்தாள்.

செப்டம்பரில் ஸ்கூலுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள். பிறகு வயிற்று வலி என்று இரண்டு நாள் மட்டம். பிறகு தலைவலி. ஒரு வெள்ளிக்கிழமை காலை யூனிஃபார்ம் போட்டு, தலை பின்னி, ஷூ லேஸ் கட்டிக் கதவு வரை வந்தவள், அப்படியே செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போகலை மா. எனக்கு யாரும் பார்க்கிறது வேண்டாம்."

அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கல்பனா அப்போதுதான் உள்ளே வந்தாள். அபியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் முன்னே சொன்னேனே என்று ஒரு வார்த்தை... ம்ஹூம். "பௌதி, திங்கட்கிழமை ஏழு மணிக்கு டிக்கெட் கவுன்ட்டருக்குப் போங்கள். ஆதார் கார்டு, தண்ணீர் பாட்டில், விசிறி. இதுவரை போட்டது எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போங்கள்" என்றாள். ஒரு ஸ்பெஷலிஸ்டும் கேட்காததை அவள் கேட்டாள்: இதுவரை போட்டது எல்லாம்.

திங்கட்கிழமை போனோம். டிக்கெட் இரண்டு ரூபாய். கவுன்ட்டர் ஜன்னலில் இருந்தவர் "சில்லறை" என்று சிடுசிடுத்தார். வரிசை வராந்தாவைத் தாண்டி, படி இறங்கி, சைக்கிள் ஸ்டாண்ட் வரை போயிருந்தது. என் கணவர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். அவரை ஆண்கள் எல்லாம் அந்தப் பக்கம் என்று ஒரு காவலாளி ஒதுக்கிவிட்டார். மூன்று மணி நேரம். உட்கார இடமில்லை. மின்விசிறி இருந்தது, சுற்றவில்லை. முன்னால் நிற்பவரின் தோளைத் தாண்டி நுழையப் பார்த்த ஒருத்தியோடு நானே தமிழும் இந்தியும் கலந்து சண்டை போட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பின்னால் போய்விட்டாள்.

அபி மட்டும் நேரம் ஆக ஆக மாறிக்கொண்டே வந்தாள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டாள். ஏன் என்று பிறகு கேட்டேன். "அங்க எல்லாருக்கும்தானே மா ஏதோ இருந்தது. யாரும் பார்க்கலை" என்றாள்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருந்தார். ஒரே அறையில் மூன்று டாக்டர்கள், மூன்று மேஜைகள். கதவோரம் அடுத்த பத்து பேர். தனிமை, திரைச்சீலை எதுவும் கிடையாது. அவர் அபியின் கன்னத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நீலப் பெட்டி இல்லை, விரல்தான். மடமடவென்று வங்காளத்தில் கேள்விகள். அபியும் மடமடவென்று பதில். எனக்கு வங்காளம், மீன் வாங்கவும் ஆட்டோ பிடிக்கவும் போதும். அதற்கு மேல் போனால் ரயில் போன பிளாட்பாரம் மாதிரி நிற்பேன்.

நான் பையிலிருந்து ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தேன். டாக்டர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே அதே ட்யூப். அதன் சகோதர சகோதரிகள். நசுங்கியது, பாதியானது, மூடி இல்லாதது... ஒரு இருபது இருக்கும்.

"கே தியேச்சே?" என்று அபியைக் கேட்டார். யார் கொடுத்தது? அது எனக்குப் புரிந்தது.

அபி என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமி நிஜே கினேச்சி" என்றாள்.

நானே வாங்கினேன்.

எட்டு வருஷத்தில் எத்தனையோ வங்காள வாக்கியங்கள் என் காதில் விழுந்து வெளியே போயிருக்கின்றன. இந்த மூன்று வார்த்தை மட்டும் அப்படியே உள்ளே இறங்கியது. டாக்டர் அவளைத் திட்டத் தொடங்கினார். படித்த பெண், டாக்டரைக் கேட்காமல் இப்படிச் செய்யலாமா, முகம் என்ன விளையாட்டுப் பொருளா என்று ஏதோ. அபி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். கதவோரத்துப் பத்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நா" என்றேன். இல்லை. என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "ஆமி தியேச்சி. ஆமி... மா."

இலக்கணம் சரியா தெரியாது. நான் கொடுத்தேன். நான் அம்மா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எனக்காக மெதுவாக, இந்தியில் பேசினார். "பெரும்பாலும் அம்மாக்கள்தான் கொடுக்கிறார்கள். பெண்கள்தான் தாங்களே வாங்கியதாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும்." அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. வேறு தோல் வியாதிகளுக்கு, டாக்டர் பார்த்து, கொஞ்ச நாளைக்குத் தருவது. முகத்தில் மாதக் கணக்கில் தடவினால் முதலில் மாயம் காட்டும். பிறகு தோலை மெலிய வைத்து, அது இல்லாமல் இருக்க முடியாதபடி செய்துவிடும்.

"அப்படியென்றால் முதலில் வந்தது என்ன?" என்று கேட்டேன்.

அவர் அபியின் தலையைப் பார்த்தார். "தினமும் எண்ணெய் தேய்ப்பாயா?"

அபி சுறுசுறுப்பானாள். "தினமும். தேங்காயெண்ணெய். நெற்றி வரை வழியும். அம்மாதான் தேய்த்துவிடுவாள்." இதை மட்டும் தான் செய்ததாகச் சொல்லவில்லை, பாருங்கள்.

எண்ணெய், வேர்வை, அந்த வயது. அவ்வளவுதான் ஆரம்பம். எண்ணெயைக் குறைத்து, இரண்டு வேளை முகம் கழுவி, ஒரு சாதாரண ஜெல் போட்டிருந்தால் சில வாரங்களில் அடங்கியிருக்கக் கூடியது. அதற்கு நாங்கள் மஞ்சள், பயத்தமாவு, ஃபேஷியல், நீல வெளிச்சம், ஆபீஸ் ஃபைல், கடைக்கார டாக்தார்பாபு எல்லாம் பார்த்து, ஆறு மாதம் கழித்து, நிஜமான வியாதியோடு வந்து நின்றோம்.

மாத்திரை எழுதினார். தடவ ஒன்று, வெயிலுக்கு ஒன்று. பாதிக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டார்கள். டாக்டர் ட்யூபை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டு, நாங்கள் எழுந்தபோது அபியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதை நிறுத்தினால் முதல் சில வாரம் இன்னும் மோசமாகும். ரொம்ப மோசமாகும். மருந்து கேட்கவில்லை என்று நினைத்து அந்தக் கடைக்குத் திரும்பிப் போகாதே. போனால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்."

சொன்னது போலவே ஆயிற்று. அதுவும் எப்போது? துர்கா பூஜைக்கு. வருஷம் முழுக்க இந்த ஊர் அந்த ஐந்து நாளுக்காகத்தான் உயிரோடு இருக்கிறது. கூட்டாளிப் பெண்கள் எல்லாம் ஒரே கலரில் உடை எடுத்திருந்தார்கள். சப்தமியன்று காலை அபியின் முகம் வீங்கி, கண் சிறுத்து, தோல் உரிந்து கிடந்தது. தெருமுனைப் பந்தலிலிருந்து மத்தளச் சத்தம். வாட்ஸ்அப்பில் தோழிகளின் போட்டோக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"மா, மூணு நாள் மட்டும் அதைப் போட்டுக்கறேன். தசமிக்கு அப்புறம் நிறுத்திடறேன். ப்ராமிஸ்."

"வேண்டாம் அபி."

"நீதானே குடுத்தே. அப்ப மட்டும் குடுத்தியே."

கேள்வி சரியான கேள்வி.

"நான் குடுத்தது தப்பு. மறுபடி குடுக்க மாட்டேன்" என்றேன்.

"நானே போய் வாங்கிப்பேன். எந்தக் கடையிலயும் கிடைக்கும்."

"வாங்கலாம். கதவு திறந்துதான் இருக்கு. உன்னைப் பூட்டி வைக்க மாட்டேன்."

வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க சமையலறையில் நின்றுகொண்டு வாசல் கதவின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு முறை அவள் ஹாலுக்கு வந்தாள். ஒரு முறை செருப்பு ஸ்டாண்ட் வரை போனாள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு, அப்பாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு டி.வி. பார்த்தாள். அவர் துணி காயக் காய வாங்கி நனைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மனிதர் அன்று செய்தது ஆயிரம் அறிவுரைக்குச் சமம். நான்கூட அவரிடம் அதைச் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன், படிக்கட்டும்.

அஷ்டமியன்று கல்பனா லீவு நாளிலும் வந்தாள். தன் ஊர்ப் பந்தலின் பிரசாதக் கிச்சடியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு. அபியின் முகத்தைப் பார்த்து, "ம், எழுதி வைத்தது மாதிரி மோசமாகியிருக்கிறது. அப்படியென்றால் டாக்டர் சரியான டாக்டர்தான்" என்றாள். அபி துணிக்கு அடியிலிருந்து சிரித்தாள்.

கார்த்திகையில்தான் சிவப்பு இறங்கியது. கட்டிகள் ஒவ்வொன்றாக வற்றின. மாதம் ஒரு முறை அதே வரிசை, அதே சில்லறைச் சிடுசிடுப்பு, சுற்றாத அதே மின்விசிறி. மூன்றாவது முறை போனபோது அபி தனியாகவே டாக்டரிடம் பேசிவிட்டு வெளியே வந்தாள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நெற்றியில் பொரி இருக்கிறது. கன்னத்தில் தழும்பு இருக்கிறது. இன்னும் மூன்று மாதம் மருந்து தொடர வேண்டுமாம்.

ஒரு கேள்வி எனக்கு அடங்கவே மாட்டேன் என்கிறது. அலங்காரம் என்று தள்ளிய ஆபீஸ், தவணை முறையில் விற்ற கிளினிக், சீட்டில்லாமல் விற்ற கடை... நடுத்தரக் குடும்பம் ஒரு பிள்ளையின் தோலைக் காட்ட நேர்மையான ஒரு வாசலைக் கண்டுபிடிப்பதற்குள் ஏன் இத்தனை பொய் வாசல்? அந்த ஒரு நல்ல வாசலிலும் ஏன் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும்? அந்த டாக்டருக்கு ஒரு மின்விசிறி போட்டுக் கொடுக்க யாருக்கும் கை வராதா?

இருக்கட்டும். கடைசியாக நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

இரண்டு வாரம் முன்னால் அபியின் ஸ்கூல் ஆண்டு விழா. தொகுத்து வழங்க வேண்டிய மாணவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூன்று நாள் இருக்கும்போது மிஸ் அபியைக் கேட்க, அவள் சரி என்று சொல்லிவிட்டு வந்துதான் எங்களிடம் சொன்னாள். மேக்கப் போட வந்த பெண்ணிடம், "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, வெறும் முகத்தோடு மேடை ஏறினாள். அவ்வளவு பெரிய விளக்குகள். நாங்கள் மூன்றாவது வரிசை.

இரண்டு மணி நேரம் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினாள். சபை சிரித்தது, கை தட்டியது. ஒரு இடத்தில் மைக் மக்கர் செய்ய, அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். என் கணவர்கூடத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

முடிந்ததும் ஓடி வந்தாள். மூச்சு வாங்கிற்று. "எப்படி இருந்தது மா?"

"ஒண்ணுமே தெரியலை அபி. அந்த இடது கன்னத்துத் தழும்புகூட லைட்ல தெரியவே இல்லை" என்றேன்.



"மா... நான் பேசினது எப்படி இருந்ததுன்னு கேட்டேன்."

யோசித்தேன். ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை. இரண்டு மணி நேரமும் நான் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் தோலுக்கு இன்னும் மூன்று மாதம் என்றார் டாக்டர்... என் கண்ணுக்கு எத்தனை மாதம் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.